இங்கே இல்லாதவருக்கு ஒரு இங்

நம் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். போன வாரம் நம்மில் ஒருத்தி படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் அழுகிற முகம் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தச் சின்னச் சின்ன முகங்களில் ஒன்றைப் பொறுக்குவதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். ஆளுக்கு ஒரு ஞாபகம் எழுதுங்கள் என்று நம் வகுப்புத் தலைவன் விரட்டிக்கொண்டே இருக்கிறான். அன்றைக்கும் அவனுக்கு அதுதான் வேலை. சரி, எழுதுகிறேன். குதூகலமாக எழுது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்த வயதில் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், வெளியே சொல்லமாட்டீர்கள்.

நாம் எட்டாவது படித்த அந்த ஐப்பசி மழைக்காலம்தான் எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது. கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த பள்ளி. கூரைமேல் மழை விழுந்தால் சார் சொல்வது முன்பெஞ்சுக்கே கேட்காது. பேக்டரியில் கொழுந்து வாடும் வாசனையும், விறகுப் புகையும், நம் ஈரக் கம்பளிகளின் நாற்றமும் கலந்து வகுப்புக்குள் அடைந்து கிடக்கும். விரல் விறைத்துப் பேனா பிடிக்க வராது. பிடித்தாலும் பேனா ஒழுகும். நம் எல்லோருடைய நடுவிரலிலும் நீலக் கறை இருந்தது.

நானும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வீட்டைக் காம்பரா என்றால் சிரிப்பீர்கள். அப்பா எங்களோடு வரவில்லை. அவருடைய தாயாருக்கு இந்தியக் குடியுரிமைப் பேப்பர் கிடைக்கவில்லை. கிழவியைத் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல், 'நீங்க முன்னால போங்க, ஆத்தாவுக்குப் பேப்பர் வந்ததும் கூட்டிக்கிட்டு வாரேன்' என்று தலைமன்னாரில் எங்களை ஏற்றிவிட்டார். எங்கள் தகரப் பெட்டியை அவர்தான் தலையில் சுமந்து வந்தார். அந்தப் பெட்டியின் மூடியில் சுங்கச் சோதனையில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அம்மா அதை அழிக்கவே விடவில்லை. பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகும் அந்த வட்டம் இருந்தது. பிறகு பெட்டியே எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நம் இங்கிலீஷ் சாரை நினைவிருக்கிறதா? மங்கிக் குல்லாயும் மஃப்ளருமாக, மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய வருவாரே. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நம் குளிரை ஜென்ம விரோதியாகப் பார்த்தவர். அவர்தான் அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், இங்கிலீஷ்காரனுக்கு நிகழ்காலம் ஒன்றில்லை, இரண்டு என்று சொன்னார்.

"தெனமும் நடக்கறது, எப்பவும் இருக்கறது, அதுக்கு ஒண்ணு. இப்ப, இந்த நிமிசம், கண்ணு முன்னால நடக்கறதுக்கு இன்னொண்ணு. ரொம்ப சுளுவுங்க கண்ணுகளா. இங்கே நடக்குதா? அப்ப இங் போடு. இங்கேன்னா இங். மறந்துறாதீங்க."

'இங்கேன்னா இங்' என்று நாம் எல்லோரும் கத்தினோம். "சரி, இப்ப எல்லாரும் இங் போடுங்க பார்க்கலாம்" என்றார். நம் வகுப்புத் தலைவன் எழுந்தான். அலமாரியைத் திறந்து மைப் புட்டியையும் ஊற்றும் குழலையும் எடுத்துவந்து, முதல் பெஞ்சிலிருந்து எல்லோருடைய பேனாவுக்கும் மை போட ஆரம்பித்தான். நம் பக்கத்தில் மைக்கும் இங்குதானே பெயர்? சார் குல்லாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் தலை வழுக்கை என்று நமக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் இதையெல்லாம் மறந்திருந்தாலும் பரவாயில்லை. எனக்கு வினை அதற்குப் பிறகுதான் வந்தது. உங்க அப்பா என்ன செய்கிறார், ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்றார் சார். நீங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னீர்கள். மை ஃபாதர் இஸ் டிரைவிங், மை ஃபாதர் இஸ் கட்டிங். ஒருத்தி மை ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே குழப்பம். இங்கேன்னா இங் என்கிறார். என் அப்பா இங்கே இல்லை. ஆகவே அவருக்கு இங் கிடையாது. சரி, மற்றதைச் சொல்லலாம் என்றால், அவர் தினமும் என்ன செய்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நிகழ்காலத்திலும் என் அப்பாவுக்கு இடமில்லை.

சார் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். பிறகு, "மக்கு. அந்தக் கதவோரம் போய் உக்காரு" என்றார். கதவோரம் என்றால் சாரல் அடிக்கிற இடம். அந்த மழைக்காலம் முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். அவர் கெட்டவரில்லை. குளிரில் இருக்கிறவருக்குக் கேள்வி கேட்கத்தான் தெம்பு இருக்கும், பதில் வராததற்குக் காரணம் தேடத் தெம்பிருக்காது. நானும் பிற்பாடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய் அதே தப்பைச் செய்தேன்.

சாயங்காலம் அம்மா வருவாள். இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து அடுப்போரம் காயப்போடுவாள். அதிலிருந்து ஆவி எழும்பும். அன்றைக்கு நான் அழுததைப் பார்த்து என்னவென்று கேட்டாள். நான் சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழிலும் கையெழுத்தோடு சரி. ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

"அது போட்டா என்னா, போடாட்டி என்னா?"

"போட்டா இப்போதைக்கு மட்டும்னு அர்த்தம். போடாட்டி எப்பவுமே அப்பிடித்தான்னு அர்த்தம். ஆனா அப்பாவுக்குப் போட முடியாதும்மா. இங்கே இருக்கிறவுகளுக்குத்தான் இங்."

அம்மா விறகைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "இங்க இருக்கிறவுகளுக்கு அது எதுக்குடி? இல்லாதவுகளுக்குத்தானே வேணும். ஒங்கப்பா இப்போதைக்குத்தானே அங்க இருக்காரு. நீ இங்கு போட்டே சொல்லு."

தமிழில் இந்த வம்பெல்லாம் இல்லை. அப்பா சிலோனில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும். நேற்று இருந்தது, இன்று இருப்பது, எப்போது முடியும் என்று தெரியாதது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிப்போகும். யாரும் யாரையும் தோண்டிக் கேட்கமாட்டார்கள்.

அரையாண்டுத் தேர்வில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். உங்களில் சிலருக்கு அந்த எரிச்சல் இன்னும் இருக்கலாம். மக்கு என்று தான் ஒதுக்கி வைத்த பெண் முதல் மார்க் வாங்கியதும் சாருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். குனிந்து உள்ளே வந்து, அம்மா போட்ட பலகையில் உட்கார்ந்து, பாலில்லாத சாயத் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். நம் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. அதற்கப்புறம் கோத்தகிரிக்குத் தினமும் அனுப்ப அம்மாவால் முடியாது. குன்னூரில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு விடுதி இருக்கிறது. தங்கல், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். ஒரு இடம் காலியாக இருக்கிறதாம். ஆனால் அது தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், தகப்பன் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் மட்டும்.

"ஏனுங்கம்மா, நான் பொய் சொல்லச் சொல்லலீங்க" என்றார் சார். "உங்க புள்ளகிட்ட இங்கிலீஷ்லதான் கேப்பாங்க. அப்பா எங்கேன்னு கேட்டா, மை ஃபாதர் லிவ்ஸ் இன் சிலோன்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க. இங் போடாமச் சொன்னா, அங்கியே குடியா இருந்துட்டாருன்னு அர்த்தம். சிஸ்டர் புரிஞ்சுக்குவாங்க. இஸ் லிவிங்னு சொல்லிப்போட்டா, இப்போதைக்கு அங்க இருக்காரு, வந்துருவாருன்னு ஆயிரும். அப்பறம் சீட்டு போச்சுங்க."

"அவரு வந்துருவாருதானே சார்?"

சார் டம்ளரைக் கீழே வைத்தார். "கடிதாசி வந்து எத்தன நாளாச்சுங்க?"

கடிதம் நின்று வெகு நாளாகியிருந்தது. "அரசன நம்பி புருசனக் கைவிட்ட கதையா ஆயிடும் சார்" என்றாள் அம்மா.

"நீங்க மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குறீங்களே, அதுக்கு என்னங்க சொல்றது?" என்று எழுந்துகொண்டார் சார். வாசலில் குனிந்தபடியே, "அடுத்த வருசம் இந்தப் புள்ள முதுகுல கூடைய மாட்டிருவீங்க. யோசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூடைதான் அம்மாவை அசைத்தது. அவளுடைய நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த தழும்பு உண்டு. பொட்டுக்கு மேலே ஒரு பள்ளம் போல இருக்கும். அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ விடுதிக்குப் போக ஆசையோ ஆசை. அங்கே பிள்ளைகளுக்கு ஷூ கொடுப்பார்கள் என்று நம்மில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆசைப்பட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

குன்னூர் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி முழுக்க மூடுபனி, வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுகள் எல்லாம் முடிகிற இடத்தில், என் பக்கம் திரும்பாமலே, "சார் சொன்ன மாதிரியே சொல்லிடு" என்றாள். "இங்கு போடவேணாம்."

நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். லிவ்ஸ், லிவ்ஸ், லிவ்ஸ்.

சிஸ்டருக்கு வெள்ளை உடுப்பு, பவுடர் வாசனை, மலையாளம் கலந்த தமிழ். மேசைமேல் ஒரு ஜாடியில் பிளாஸ்டிக் ரோஜா. கணக்கு கேட்டார், சொன்னேன். ஒரு பாட்டு பாடச் சொன்னார், பாடினேன். அப்பா எங்கே என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன். அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை. வேறு மாதிரி கேட்டார்.

"இஸ் யுவர் ஃபாதர் லிவிங்?"

சிஸ்டரே இங் போட்டுவிட்டார்! சார் போடாதே என்றார், அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டாள், இங்கிலீஷில் கேள்வி கேட்க உட்கார்ந்திருப்பவரே போட்டுக் கேட்கிறார். அப்படியானால் அதுதான் சரி. அப்பாவுக்கு இங் உண்டு. என் குரலில் அவ்வளவு பலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "யெஸ் சிஸ்டர்! ஹி இஸ் லிவிங்! மை ஃபாதர் இஸ் லிவிங்!"

அவர் கேட்டது, உன் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கிலீஷில் அந்த ஒரு சொல்லுக்கு வசிப்பது என்றும் அர்த்தம், உயிரோடிருப்பது என்றும் அர்த்தம் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டினார். அம்மா பக்கம் திரும்பி, "அச்சன் இருக்காரல்லே? இது அச்சன் இல்லாத்த குட்டிகளுக்குள்ள சீட்டாணு" என்றார். சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடவில்லை. அம்மாவின் சேலையையும் செருப்பில்லாத காலையும் பார்த்தார். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தி, "இல்ல, உங்கள விட்டுட்டுப் போயிட்டாரா? அப்படின்னா சொல்லுங்க. நான் மதர்கிட்ட பேசறேன். சீட்டு தரலாம்" என்றார்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் அந்த இங்கின் சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தில் என்ன படித்தாளோ தெரியாது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இல்லீங்க சிஸ்டர்" என்றாள். "அவரு வாராரு."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் வர்க்கி வாங்கிக் கொடுத்தாள். நான் இரண்டாவது வர்க்கியைக் கடித்தபோது, அந்த சிஸ்டர் இங்கிலீஷில் என்ன கேட்டார் என்றாள். "சிஸ்டரே இங் போட்டுத்தாம்மா கேட்டாங்க. நானும் போட்டே சொன்னேன்" என்றேன். அம்மா நடையை நிறுத்தினாள். "அவுகளே போட்டாகளா?" என்றாள். "அப்ப சரிதான்." அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்தது கப்பலேறியதற்குப் பின் அதுதான் முதல் தடவை. சீட்டு போனது எனக்கு ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

"கெடுத்துட்டீங்களேம்மா" என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் ஒன்பதாவதுக்குப் போனீர்கள். நான் கொழுந்துக்குப் போனேன். சார் சொன்னபடியே கூடை ஏறியது. சில வருஷம் கழித்துத் தனியாகப் பத்தாவது எழுதி, எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்து, அதிலேயே வயதானேன். அம்மாமேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வராத ஆளுக்காக வந்த சீட்டைத் தள்ளினாளே என்று பல வருஷம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு வந்த கப்பலில் வந்த ஒருவர், அப்பாவை வவுனியாவில் ஒரு மரக்கடையில் பார்த்ததாகவும் பக்கத்தில் ஒரு பெண்ணும் குழந்தையும் இருந்ததாகவும் சொன்னார். சிலோன் கலவரத்துக்குப் பிறகு வந்த இன்னொருவர், அவர் இறந்துபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். அம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். பொட்டை அழிக்கவில்லை. இரண்டில் எது உண்மையென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை சார் சொன்ன லிவ்ஸ்தான் சரியாக இருந்திருக்கும்.

சாரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்துக்கு அவர் கரும்பலகையில் எழுதிய உதாரணம் ஞாபகமிருக்கிறதா? ஐ லிவ் இன் கோயமுத்தூர், ஐ ஆம் ஸ்டேயிங் இன் கோத்தகிரி. என் குடித்தனம் கோயமுத்தூரில், இங்கே இருப்பது மாற்றல் வரும்வரை. மாற்றல் வரவேயில்லை. ரிட்டயர் ஆகி, அதே வாடகை அறையில், அதே குல்லாயோடு அவர் கோத்தகிரியிலேயே காலமானார். சாகும்வரை தனக்கு இங் போட்டுக்கொண்டார். என் அம்மாவுக்குத்தான் அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, என் நன்மைக்குத்தான் சொன்னார்.

அவர் நடத்தாமல் விட்ட விதி ஒன்றும் உண்டு. மழைக்கு விடுமுறை விட்ட நாளில் அது போயிருக்கும். பத்தாவதுக்குப் படிக்கும்போது ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். இப்போது நடப்பதற்கு மட்டுமில்லையாம் இங். முடிவாகிவிட்டது, கட்டாயம் நடக்கப்போகிறது என்றால் அதற்கும் அதையே போடலாமாம். நாளைக்கு வருகிறார் என்பதற்கும் இங்தான்.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது. நினைவு விட்டு விட்டு வருகிறது. சில நாள் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொள்கிறாள். குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிவிட்டு நிமிரும்போது எனக்கே ஒரு ஆள் தேவைப்படுகிறது. பேக்டரியை மூடியே பல வருஷமாயிற்று. ஆனால் சாயங்காலமானால் அவளுக்கு மட்டும் வேலை முடிகிற பேக்டரிச் சங்கு கேட்கிறது. எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்க்கிறாள். பனி உள்ளே வருகிறதென்று நான் கதவைச் சாத்தப் போனால் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கூப்பிட்டுவிட்டாள்.

"ஒங்கப்பா வாராரா?"

"வாராரும்மா."

அவளுக்கு அது போதவில்லை. தமிழ் போதவில்லை. மகளின் பெயர் மறந்துபோனவளுக்கு இது மட்டும் எப்படி மறக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்கு போட்டுச் சொல்லு."

"ஹி இஸ் கமிங், அம்மா" என்றேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.